கால் எரிச்சலுக்கு வைத்தியம் தேடிப் போயி கடைசியில பெருங்காய டப்பாவுல வந்து நின்ன கதை

"கோதுமைய நிறுத்துனா கால் எரிச்சல் போயிடுமாமே, உனக்கு போயிடுச்சாமே"ன்னு எங்க தெருவுல ஆரம்பிச்சு ஆபீஸ் வரைக்கும் எல்லாரும் கேக்கறாங்க. ஒவ்வொருத்தருக்கா நின்னு சொல்ல முடியல, அதான் மொத்தமா எழுதிடறேன். ஒண்ணு முதல்லயே சொல்லிடறேன், எல்லாருக்கும் போகாது. எனக்கு குறைஞ்சுதுன்னா எனக்கு இருந்தது சீலியாக் நோய், கோதுமை உள்ள போனா உடம்போட எதிர்ப்பு சக்தி குடலையே தாக்கற வியாதி, அத ரத்தத்துலயும் பாத்து குடல்லயும் பாத்து உறுதி பண்ணாங்க. வீடியோ பாத்துட்டு சப்பாத்திய விட்டவங்க கதை வேற, அத கடைசியில சொல்றேன்.

நான் சென்னை பெரம்பூர், வேலை பாரிஸ் கார்னர் பக்கம், வயசு 47. சுகர் பார்டர்ல இருக்கு, ராத்திரி சோறு வேணாம் சப்பாத்தி சாப்பிடுங்கன்னு நம்ம ஊர்ல சொல்லாத டாக்டர் யாரு? அப்படித்தான் எங்க வீட்லயும் ராத்திரின்னா சப்பாத்தி, காலைல சம்பா ரவை உப்புமா இல்லன்னா கோதுமை தோசைன்னு வருஷக்கணக்கா ஓடுச்சு. எங்க பாட்டி வாழ்நாள் பூரா சாப்பிட்ட கோதுமைய நான் ஒரு மாசத்துல சாப்பிட்டிருப்பேன்.

முதல்ல ரெண்டு கால் கட்டை விரலும் மதமதன்னு இருந்துச்சு, அப்புறம் மத்த விரலு, அப்புறம் பாதம், ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி மேல ஏறிக்கிட்டே வந்துச்சு. பகல்ல மரத்துப் போயிருக்கும், ராத்திரி படுத்தா எரியும், போர்வை பட்டாகூட தாங்காது, ஈரத்துண்ட கால்ல சுத்திக்கிட்டு ஃபேனுக்கு நேரா நீட்டிப் படுப்பேன். ஒருநாள் பெரம்பூர் ஸ்டேஷன் படியில இறங்கறேன், பின்னாடி வந்த பொண்ணு "ஆன்ட்டி உங்க செருப்பு"ன்னு கத்துது, திரும்பிப் பாத்தா ஒரு செருப்பு நாலு படி மேல கிடக்குது, வெறுங்கால்ல இறங்கி வந்தது எனக்கு தெரியவே இல்ல. அன்னிக்குத்தான் பயம் வந்துச்சு.

பக்கத்து டாக்டர் சுகர், தைராய்டு, பி12 எல்லாம் எழுதிக் கொடுத்தாரு. மூணு மாச சுகர் 5.8, தைராய்டு ஓகே, பி12 மட்டும் 142, அது 200-க்கு மேல இருக்கணும். ஹீமோகுளோபின் 9.1. சைவமா, அப்ப பி12 கம்மியாத்தான் இருக்கும்னாரு, பொம்பளைங்களுக்கு ரத்தம் கம்மியா இருக்கறது சகஜம்னாரு, ஊசி போட்டாச்சு, அயர்ன் மாத்திரையும் ஓடுச்சு. பி12 ஏறிடுச்சு, ஆனா எரிச்சல் பாதிதான் குறைஞ்சுது, ரத்தம் மட்டும் ஏறவே இல்ல. எவ்வளவு மாத்திரை போட்டாலும் ரத்தம் ஏன் ஏறலன்னு யாருமே கேக்கல, இப்ப நெனச்சாலும் கடுப்பா வருது.

அப்புறம் நரம்பு டாக்டர். அவர் ஒரு இரும்புக் கவைய தட்டிட்டு கட்டை விரல் எலும்பு மேல வெச்சு அதிருதாம்மான்னாரு, எனக்கு ஒண்ணுமே தெரியல, அதையே கை மணிக்கட்டுல வெச்சா நல்லா தெரியுது. கண்ண மூடிக்கிட்டு கால ஒட்டி நிக்கச் சொன்னாரு, ஆடிப் போயிட்டேன். அடுத்தது என்சிஎஸ், கரண்ட் டெஸ்ட்டுன்னு சொல்லுவாங்களே அது, கால்ல ஸ்டிக்கர் ஒட்டி ஷாக் குடுத்து நரம்புல சிக்னல் எவ்வளவு வேகமா போகுதுன்னு பாக்கறாங்க. வலி தாங்கற அளவுதான், ஆனா கால் தன்னால உதறும். சூரல்னு கெண்டைக்கால் பின்னாடி ஓடற நரம்புல ரெண்டு பக்கமும் சிக்னலே சரியா வரல. பெரிஃபெரல் நியூரோபதி, அதாவது கை கால் நரம்பு பாதிப்புன்னு எழுதி ராத்திரிக்கு பிரிகாபலின்னு நரம்பு எரிச்சலுக்கான மாத்திரை குடுத்தாரு. எரிச்சல் அடங்குச்சு, ஆனா நாள் முழுக்க தூக்கக் கலக்கம், சாயங்கால ட்ரெயின்ல தூங்கிப் போயி பெரம்பூர தாண்டி வில்லிவாக்கத்துல எழுந்திருக்கேன்.

இங்கதான் வீட்ல இயற்கை வைத்தியம் கிளம்புச்சு. அம்மா பிரண்டை துவையலும் முடக்கத்தான் தோசையுமா போட்டாங்க, ருசியா இருந்துச்சு, சாப்பிட்டேன், நரம்புக்கு ஒண்ணும் ஆகல. பெரியம்மா கொதிக்கற தண்ணில கல்லுப்பு போட்டு கால விடச் சொன்னாங்க, அதுக்கு மட்டும் நான் ஒத்துக்கல. எங்க மாடி வீட்டு தாத்தா, சுகர்காரரு, அப்படித்தான் கால விட்டு கொப்புளம் வந்து அது புண்ணாகி மாசக்கணக்கா கட்டு போட்டுட்டு கிடந்தாரு. உணர்ச்சி இல்லாத காலுக்கு சூடு தெரியாது, தண்ணிய முழங்கைய விட்டு பாத்துட்டுத்தான் காலுக்கு எடுக்கணும். பார்க்குல கூழாங்கல்லு பாதைல வெறுங்கால்ல நடக்கறது, மத்தியான வெயில்ல கோயில் பிரகாரம் சுத்தறது, இதெல்லாமும் நமக்கு ஆகாது.

சித்தப்பா ஒருத்தர் யாரோ வைத்தியர்கிட்ட வாங்கினதுன்னு ஒரு பொடி கொண்டு வந்தாரு, லேபிள் இல்ல, தேதி இல்ல, பேப்பர்ல மடிச்சிருக்கு. நான் தொடல. நாட்டு மருந்து மேல எனக்கு வெறுப்பெல்லாம் கிடையாது, ஆனா ஈயமும் ஆர்சனிக்கும் நரம்பையே அரிக்கற சமாச்சாரம், 2004-ல வந்த ஒரு ஆராய்ச்சில, அமெரிக்காவுல பாஸ்டன் பக்கம் கடைங்கள்ல வாங்கின 70 ஆயுர்வேத மருந்தை டெஸ்ட் பண்ணதுல 14-ல ஈயம் பாதரசம் ஆர்சனிக்னு ஏதாவது ஒண்ணு இருந்துச்சாம். கடைல விக்கறதுக்கே அந்த கதின்னா பேப்பர் பொட்டலத்த என்னன்னு நம்பறது.

பாக்கறதுன்னா படிச்சவங்ககிட்ட பாப்போம்னு தாம்பரம் சானடோரியம் சித்தா ஆஸ்பத்திரி ஓபிக்கு போனேன். சின்ன வயசு டாக்டரம்மா, நாடி பாத்தாங்க, நாக்கு பாத்தாங்க, வாதம் ஏறியிருக்குன்னாங்க, அதோட நிக்காம என் ஃபைல மொத்தமா புரட்டினாங்க. "இவ்ளோ அயர்ன் சாப்பிட்டும் ரத்தம் ஏறலன்னா குடல்ல ஏதோ இருக்கும்மா, வயிறு உப்புசம் இருக்கா"ன்னு கேட்டாங்க. இருந்துச்சு, கேஸ்னு நெனச்சு விட்டுட்டோம். தடவ தைலம் எழுதிட்டு, முதல்ல குடல் டாக்டர பாத்துட்டு வாங்க, அதுக்கப்புறம் மருந்து பேசலாம்னாங்க. இங்கிலீஷ் மருத்துவம் கேக்காத கேள்விய சித்தா டாக்டர் கேட்டாங்கன்னு எங்கம்மா இன்னிக்கும் ஊரெல்லாம் சொல்லிட்டிருக்காங்க.

குடல் டாக்டர்கிட்ட போறதுக்குள்ள கோதுமையா இருக்குமோன்னு ஒரு சந்தேகம் வந்து வீட்ல இன்னிக்கே சப்பாத்திய நிறுத்துன்னு ஒரே பேச்சு. ஆபீஸ்ல என்கூட வேலை பாக்கற பொண்ணு சவுகார்பேட்டைக்காரி, மார்வாடி, பொறந்து வளந்தது எல்லாம் இங்கதான், அவ பையனுக்கு ரெண்டு வயசுலயே சீலியாக் கண்டுபிடிச்சிருக்காங்க. அவதான் "ஐயோ அக்கா, டெஸ்ட் முடியற வரைக்கும் சப்பாத்திய விட்டுடாதீங்க, அப்புறம் ரிசல்ட்டே தப்பா வரும்"னா. சரியான வார்த்தை. ரத்தத்துல டிடிஜி ஐஜிஏன்னு ஒரு ஆன்டிபாடிய பாக்கறாங்க, கோதுமைய நிறுத்திட்டா அது கொஞ்சம் கொஞ்சமா இறங்கிடும், குடலும் ஆற ஆரம்பிச்சுடும், வியாதி இருந்தும் இல்லன்னு வந்துடும். கூடவே மொத்த ஐஜிஏவும் பாக்கணும், சிலருக்கு அதுவே பொறவியிலயே கம்மியா இருந்தா டெஸ்ட் ஏமாத்தும். எனக்கு டிடிஜி நார்மல விட பல மடங்கு வந்துச்சு. அப்புறம் எண்டோஸ்கோப்பி, தொண்டைல மரத்துப்போற ஸ்ப்ரே அடிச்சு ட்யூப விட்டு சிறுகுடல் ஆரம்பத்துல சின்னச் சின்ன துணுக்கா எடுத்தாங்க. சாப்பாட்ட உறிஞ்சற குடலுறிஞ்சிங்க மொட்டையா தேஞ்சு கிடக்குதுன்னு ரிப்போர்ட்.

அப்பத்தான் எல்லாம் ஒண்ணோட ஒண்ணு சேந்துச்சு. கோதுமை, பார்லி, ரை இந்த மூணு தானியத்துலயும் இருக்கற க்ளூட்டன்ங்கற புரதம் உள்ள போனா உடம்போட எதிர்ப்பு சக்தி சொந்த குடலையே தாக்குது, இரும்புச்சத்த எடுத்துக்கறது அந்த மேல் குடல்தான், அதான் மாத்திரை வேலை செய்யல. நரம்புக்கு அடி ரெண்டு வழியில வரலாம்னாரு டாக்டர், பி12, காப்பர் மாதிரி சத்து சேராம வர்றது ஒண்ணு, எதிர்ப்பு சக்தி நேரா நரம்பையே பதம் பாக்கறது இன்னொண்ணு. இங்கிலாந்துல ஷெஃபீல்டுல ஹட்ஜிவாசிலியூன்னு ஒரு நரம்பு டாக்டர் 1996-லயே காரணம் தெரியாத நரம்பு நோயாளிங்ககிட்ட இந்த க்ளூட்டன் ஆன்டிபாடிய தேடிப் பாத்து எழுதியிருக்காரு, வயித்துல ஒரு தொந்தரவும் இல்லாமலே நரம்பு மட்டும் போறவங்களும் இருக்காங்களாம். நம்ம பக்கம் இது ரொம்ப கம்மி. வடக்க இருக்கறவங்களுக்கு இருக்கற மாதிரி ஜீன் நமக்கும் இருக்கு, ஆனா கோதுமை கம்மியா சாப்பிடறதால வியாதி கம்மின்னு சொல்றாங்க. அதனாலதான் சென்னைல இது சட்டுனு யாருக்கும் தோணறதில்ல, வடநாட்டுக்காரங்க நெறய இருக்கற சவுகார்பேட்டைல பால் வாங்கப் போற பாட்டிக்குக்கூட தெரிஞ்சிருக்கு.

இனிமேதான் நிஜமான வைத்தியம், அது முழுக்க அடுப்படியில. இதைவிட இயற்கையான சிகிச்சை ஒண்ணு இல்ல, இதைவிட தொல்லையானதும் ஒண்ணு இல்ல.

சோறு, இட்லி, தோசை, கேழ்வரகு, கம்பு, தினை எல்லாம் சாப்பிடலாம், நமக்கென்ன கஷ்டம்னுதான் நெனச்சோம். சப்பாத்தி, பூரி, பரோட்டா, ரவை, சேமியா, பிரெட், பிஸ்கட் எல்லாம் போச்சு, ஹார்லிக்ஸ் போச்சு, அதுல இருக்கற மால்ட் பார்லிதான். எரிச்சல் குறைஞ்சுது, ரத்தம் 11 தாண்டுச்சு, எல்லாருக்கும் சந்தோஷம். ஆனா டிடிஜி பாதி இறங்கிட்டு அப்படியே நின்னுடுச்சு. டயட்டீசியன் உக்கார வெச்சு நான் சாப்பிடறத ஒண்ணு ஒண்ணா கேட்டாங்க, சாம்பார், ரசம், மோர், ஊறுகாய், "எல்லாத்துலயும் பெருங்காயம் போடுவீங்களா"ன்னாங்க. போடாம? வீட்டுக்கு வந்து டப்பாவ திருப்பிப் பாத்தா பொடி எழுத்துல கோதுமை மாவு, கோந்து, கடைசியிலதான் பெருங்காயம். இத்தனை நாளும் சுத்தமா சோறும் ரசமும் சாப்பிட்டு ஒவ்வொரு வேளையும் கோதுமைய உள்ள தள்ளிட்டிருந்திருக்கோம். இப்ப பால் பெருங்காயம் வாங்கி தண்ணில ஊற வெச்சு ஊத்தறேன், வாசனை தூக்குது. அரிசி மாவு கலந்த பெருங்காயமும் கிடைக்குது, லேபிள் பாத்து வாங்கணும்.

அடுத்தது மாவு மில்லு. இடியாப்பத்துக்கு பச்சரிசி எடுத்துட்டு போனேன், அண்ணன் மெஷின்ல கொட்டினதும் முதல்ல விழுந்த மாவு பழுப்பா இருக்கு.

"அண்ணே, முன்னாடி என்ன அரைச்சீங்க?"

"கோதுமைம்மா. அது கொஞ்சந்தான் ஒட்டியிருக்கும், ஒண்ணும் ஆகாது."

"எனக்கு ஆகும்ணே."

"அப்ப உங்க அரிசிலயே ரெண்டு படி தள்ளி விட்டுட்டு மிச்சத்த எடுத்துக்கங்க."

பாவம் அவருக்கென்ன தெரியும். க்ளூட்டன் ஃப்ரீன்னு பாக்கெட்ல போடணும்னா ஒரு கிலோல 20 மில்லிகிராமுக்கு மேல க்ளூட்டன் இருக்கக் கூடாது, ரெண்டு படி தள்ளி விட்டா அந்தளவு சுத்தமாகும்னு எந்த நம்பிக்கைல எடுக்கறது. வடநாட்டுக்காரங்க வீட்ல வெச்சிருக்கற சின்ன மாவு மெஷின் ஒண்ண சவுகார்பேட்டைக்காரிதான் கூட வந்து வாங்கிக் குடுத்தா, அதுல கோதுமைய நுழைய விடறதே இல்ல. சத்து மாவு, சிறுதானிய நூடுல்ஸ், மில்லட் பிஸ்கட் எல்லாம் பேருக்குத்தான் சிறுதானியம், திருப்பிப் பாருங்க, பலதுல பாதிக்கு மேல கோதுமையோ மைதாவோதான்.

ஹோட்டல்ல இட்லியும் தயிரும், அவ்வளவுதான், தோசைன்னா அதே கல்லுல ரவா தோசை ஊத்தியிருப்பாங்க. கல்யாண வீட்டுலதான் அக்கப்போரு, "ஒரு வாய் கேசரிதானே, இனிப்ப வேணாம்னு சொல்லக்கூடாது"ன்னு இலைல வெச்சுட்டு போயிடுவாங்க. இப்பல்லாம் டாக்டர் ஊசி போட்டிருக்காருன்னு சொல்லிடறேன், வியாதிய விளக்கறத விட அதுக்குத்தான் மரியாதை.

பெருங்காயம் மாத்தினதுக்கப்புறம்தான் டிடிஜி நார்மலுக்கு வந்துச்சு. ராத்திரி எரிச்சல் இப்ப எப்பவாவதுதான், பிரிகாபலின டாக்டர் கொஞ்சம் கொஞ்சமா குறைச்சு நிறுத்திட்டாரு, நானா நிறுத்தல, அத சட்டுனு விடக்கூடாது. ஆனா கட்டை விரல் மதமதப்பு அப்படியே இருக்கு. நரம்பு வளர்றதுன்னாலே ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் கணக்குதான், நுனி விரலுக்கு வர்றதுக்குள்ள எவ்வளவு காலமோ, சிலது திரும்பாமலே போகலாம்னும் சொல்லிட்டாங்க. தைலம் ராத்திரி வெதுவெதுப்பா தடவறேன், தூக்கம் நல்லா வருது, அதுக்கு மேல அதுகிட்ட நான் எதிர்பாக்கல. எம்சிஆர்னு உணர்ச்சி கம்மியான காலுக்கான மெத்து ரப்பர் செருப்பு போடறேன், பின்பக்கம் வார் வெச்சது, இனி கழண்டு விழாது. நரம்புக்கு நல்லதுன்னு பி காம்ப்ளெக்ஸ கைக்கு வந்தபடி முழுங்கறவங்களுக்கு ஒண்ணு, அதுல இருக்கற பி6 அதிக அளவுல நாள்பட போனா அதுவே நரம்ப கெடுக்கும்.

இப்ப வீடியோ பாத்து விட்டவங்களுக்கு வர்றேன். சென்னைல கால் எரியுதுன்னா பெரும்பாலும் சுகர்தான், இல்ல பி12, இல்ல குடி. அவங்க கோதுமைய விட்டா நரம்பு சரியாயிடாது, க்ளூட்டன் ஃப்ரீன்னு வெலை ஜாஸ்தியா விக்கற பிஸ்கட்ல மாவுச்சத்தும் சர்க்கரையும்தான் இருக்கு, சுகர் எகிறும். சந்தேகம்னா கோதுமைய சாப்பிட்டுக்கிட்டே டிடிஜி பாருங்க, அப்புறம் முடிவு பண்ணுங்க.

இது ரத்த சொந்தத்துல வரும், பெத்த பிள்ளைங்க கூடப் பொறந்தவங்கள்ல சுமாரா 10-ல ஒருத்தருக்கு இருக்கலாம்ங்கறதால என் பொண்ணுக்கு பாத்தாச்சு, இல்லன்னு வந்துச்சு, ஆனா பின்னாடியும் வரலாம்னு கொஞ்ச வருஷம் கழிச்சு திரும்ப பாக்கணுமாம். அம்பத்தூர்ல இருக்கற தம்பிதான் மாட்டேங்கறான். அவனுக்கும் ரத்தம் கம்மி, வயிறும் சரியில்ல. "டெஸ்ட் பண்ணா பரோட்டாவ விடச் சொல்லுவாங்கக்கா"ங்கறான். அவன் பொண்டாட்டிகிட்ட டெஸ்ட் பேர எழுதிக் குடுத்திருக்கேன், இந்த மாச சம்பளத்துக்கு அப்புறம் இழுத்துட்டு போறேன்னிருக்கா.