எம்7 பிரீஸ்ட்: வளையம் ஒருவழியாக நின்றது, வண்டி தேறுமா?

ஒருவழியாக அந்த வளையம் நேராக நின்றுவிட்டது. எம்7 பிரீஸ்ட் (இரண்டாம் உலகப் போரின் அமெரிக்க பீரங்கி வண்டி) மாடல் கட்டியவர்களுக்கு எந்த வளையம் என்று சொல்ல வேண்டியதில்லை. வலது முன்மூலையில் துருத்திக்கொண்டிருக்கும் உருளை மேடை, அதன் தலையில் பாயின்ட் ஃபிஃப்டி இயந்திரத் துப்பாக்கி சுற்றி வரும் வட்டக் கம்பி. அந்த மேடை பாதிரியார் பிரசங்க மேடை மாதிரி இருக்கிறதென்றுதான் பிரிட்டிஷார் இதற்கு பிரீஸ்ட் என்று பெயர் வைத்தார்கள், ஆக அது கோணலாக இருந்தால் வண்டிக்கே முகம் போய்விடும்.

என்னுடையது போல்ட் ஆக்‌ஷன் என்ற மேஜைப் போர் ஆட்டத்துக்கான 28 மிமீ அளவு ரெசின் கிட், சின்னப் பாகங்கள் மட்டும் மெட்டல். ஹல் (உடல்), போகி (சக்கரத் தொகுதி), ட்ராக் எல்லாம் ஷெர்மன் டாங்கி கட்டிப் பழகிய கைக்குப் பெரிய வேலை இல்லை. வளையம் மட்டும் பெட்டியிலிருந்து வரும்போதே முட்டை வடிவத்தில் வந்தது, லேசாக நிமிர்த்தப் பார்த்தால் பட்டென்று இரண்டாகிவிட்டது. விற்றவருக்கு எழுதிக் கேட்டேன், மெட்டல் அப்படித்தான் இருக்கும், வெந்நீரில் போட்டு நிமிர்த்துங்கள் என்று பதில். வெந்நீர் வைத்தியம் ரெசினுக்குச் சரி, வெள்ளை மெட்டலுக்கு அது குளிப்பாட்டல்தான்.

சரி, பித்தளைக் கம்பிக்குப் போனேன். 1 மிமீ கம்பி. கடையில் வாங்கியதை அப்படியே வளைத்தால் ஸ்பிரிங் மாதிரி விரியும், அதனால் முதலில் அடுப்புத் தீயில் மங்கலான சிவப்பு வரும்வரை காட்டி, தண்ணீரில் போட்டுவிட வேண்டும். பித்தளை இதில் இரும்புக்கு நேர் எதிர், தண்ணீரில் போட்டால் இறுகாது, மெத்தென்றுதான் இருக்கும். அப்புறம் தேவையான விட்டத்தைவிடக் கொஞ்சம் சிறிய மார்க்கர் பேனாவில் மூன்று சுற்று சுற்றி, பேனாவோடு சேர்த்தே ரம்பத்தால் குறுக்கே ஓர் இழுப்பு. மூன்று வளையம் கிடைக்கும், அதில் ஒன்றாவது ஒழுங்காக இருக்கும். இரண்டு முனையும் ஒரே தளத்தில் வரத் தட்டையான கண்ணாடி மேல் வைத்து அழுத்திப் பார்க்க வேண்டும், எங்கேயாவது ஆடினால் இன்னும் முறுக்கு இருக்கிறது என்று அர்த்தம். இணைப்பை சால்டர் செய்தேன். சூப்பர் க்ளூ போதும் என்பார்கள், போதாது, மேஜையில் எல்லோரும் வண்டியைத் தூக்குவது அந்த வளையத்தைப் பிடித்துத்தான். ரெசினில் ஒட்டுவதற்கு முன்பே சால்டர் வேலை முடிய வேண்டும், இணைப்பு வரும் இடம் துப்பாக்கியின் தாங்கிக்கு நேர் அடியில் இருக்க வேண்டும், பிறகு யார் கண்ணுக்கும் தெரியாது. கால்களுக்கு 0.8 மிமீ துளை. கடைசியாக உப்புத்தாளால் பித்தளையைச் சுரண்டாமல் பிரைமர் அடித்தால் முதல் ஆட்டத்திலேயே தோல் உரிந்துவிடும்.

உள்பக்கம் இன்னொரு தொல்லை. கூரை இல்லாத வண்டி, மேலிருந்து பார்த்தால் எல்லாமே தெரியும், அதனால் பீரங்கியையும் தரையையும் தனித்தனியாக பெயின்ட் அடித்த பிறகுதான் ஒட்ட முடியும். பலபேர் உள்ளே வெள்ளை அடிக்கிறார்கள். வெள்ளை மூடிய டாங்கிகளுக்கு. திறந்த தொட்டிக்கு உள்ளேயும் வெளியேயும் ஆலிவ் டிராப் என்ற ராணுவப் பச்சைதான், வானத்திலிருந்து பார்க்கிறவனுக்கு வெள்ளைத் தொட்டி காட்டிக்கொடுத்துவிடாதா? வாலெஹோ பெயின்ட் 70.887 அடித்து, மேலே நீர்த்த பழுப்பு வாஷ், மூலைகளில் மட்டும் கொஞ்சம் மணல் நிறத்தில் டிரைபிரஷ் (காய்ந்த தூரிகைத் தேய்ப்பு). ஷெல் வந்த நார்க்குழாய்களுக்குக் கறுப்பு. பீரங்கி நட்டநடுவில் இல்லை, சற்று வலப்பக்கம் தள்ளித்தான் இருக்கும், இடது பக்கம் டிரைவருக்கு. நடுவில் வரவில்லையே என்று யாரும் இழுத்து ஒட்டிவிடாதீர்கள்.

இனி ஆட்டத்துக்கு வருவோம். ஞாயிற்றுக்கிழமை ஜெர்மன் படைக்கு எதிராக இறக்கினேன், நாங்கள் இன்னும் இரண்டாம் பதிப்பு விதிகளில்தான் ஆடுகிறோம். என் தீர்ப்பு இதுதான்: பிரீஸ்டை பீரங்கி என்று நினைத்துப் பின்னால் நிறுத்தினால் தண்டம், அசால்ட் கன் மாதிரி முன்னே ஓட்டி நேரடியாகச் சுட்டால் தங்கம்.

காரணம் கணக்குதான். விதிப்படி பிரீஸ்டின் பீரங்கி மீடியம் ஹவிட்சர், அதற்கு இன்டைரக்ட் ஃபயரின் (தலைக்கு மேல் வளைத்துச் சுடுவதன்) குறைந்தபட்ச தூரம் 30 அங்குலம், மேஜையின் அகலமே 48. எதிரிக் காலாட்படை இரண்டு தடவை ஓடினால் போதும், அந்தக் கோட்டுக்கு உள்ளே வந்துவிடுகிறார்கள். அதற்கு முன்னால் சுட்டாலும் முதல் குண்டுக்கு டைஸில் 6 விழ வேண்டும், இலக்கு நகராமல் இருந்தால்தான் அடுத்தது 5, பிறகு 4 என்று இறங்கும். நகராமல் உட்கார்ந்திருக்க எதிராளி என்ன எனக்குக் கடன்பட்டவரா? ஆறு அங்குலம் தள்ளிப் போனால் மறுபடி 6-லிருந்து ஆரம்பம்.

நேரடியாகச் சுடும்போது கதையே வேறு. 3 அங்குல டெம்ப்ளேட் (வெடிப்பு வட்டம்), விழுந்த இடத்தில் டி3 பின், அதாவது அணியைப் பதுங்க வைக்கும் குறிகள் ஒன்று முதல் மூன்று வரை. ரெகுலர் (நடுத்தரப் பயிற்சி) அணியின் மொரேல், அதாவது மனவுறுதி எண், 9, மூன்று பின் விழுந்தால் கட்டளைக்குக் கீழ்ப்படிய 6-க்குள் உருட்ட வேண்டும், இரண்டு டைஸில் அது பாதிக்கும் குறைவான வாய்ப்பு. ஆள் சாகாவிட்டாலும் அணி அந்த ரவுண்டில் எழுந்திருப்பது சந்தேகம்தான். வேலிக்குப் பின்னால் பதுங்கியிருந்த எம்ஜி42 இயந்திரத் துப்பாக்கி அணியை இப்படித்தான் ஆட்டம் முடியும்வரை தரையோடு தரையாக வைத்திருந்தேன். பான்சர் ஃபோர் டாங்கியை மட்டும் முன்னாலிருந்து சீண்ட வேண்டாம், 9+ கவசத்துக்கு நம் குண்டின் துளைப்பு +3 போதாது, டைஸில் 6 விழுந்தாலே மேலோட்டமான சேதம்தான்.

பலவீனம்? திறந்த தலை. மூடிய டாங்கி மேல் ரைஃபிள் குண்டு பட்டால் ஒன்றும் ஆகாது, இதற்குப் பட்டால் பின். ஜெர்மன் எதிராளி அதைக் கண்டுபிடித்துவிட்டார், வேறு வேலை இல்லாத ரைஃபிள்காரர்கள் எல்லோரும் என் வண்டியையே சுட்டார்கள், பெயின்ட்கூட உரியவில்லை, ஆனால் பின் சேர்ந்து ஆர்டர் டெஸ்டில் (கட்டளைக்கான டைஸ் சோதனையில்) தோற்று நின்றதுதான் மிச்சம். பீரங்கி முன்பக்கம் மட்டுமே பார்க்கும் என்பதால் பக்கவாட்டில் வருபவர்களுக்கு பாயின்ட் ஃபிஃப்டிதான் கதி. கூடவே ஒரு காலாட்படை அணியை ஒட்டி நடக்க வைக்காமல் இந்த வண்டியை முன்னே அனுப்பக் கூடாது.

நிஜ வண்டியின் பெரிய குறை ஆட்டத்தில் வரவே வராது என்பது எனக்கு எரிச்சல். உயரம் குறைவாக இருக்க வேண்டுமென்று பீரங்கியைத் தாழ்த்திப் பொருத்தியதால் 35 டிகிரிக்கு மேல் குழாய் தூக்காது, குன்றுக்குப் பின்னால் சுட முடியாமல் சரிவில் வண்டியை ஏற்றி நிறுத்தி முகத்தைத் தூக்க வைத்தார்கள். கொரியா போரின்போதுதான் மேடையை உயர்த்தி எம்7பி2 என்று 65 டிகிரி வரை கொண்டுவந்தார்கள். 1942 அக்டோபரில் எல் அலமைனில் பாலைவனத் தரையில் சுட்டவர்களுக்கு இது பெரிதாக உறைத்திருக்காது. பிரிட்டிஷாரின் தலைவலி 105 மிமீ குண்டுதான், தங்கள் 25 பவுண்டர் பீரங்கிக்கு ஒரு சப்ளை, இதற்குத் தனி சப்ளை. அதனால்தான் பிறகு 25 பவுண்டரையே ஏற்றிய செக்ஸ்டன் வண்டிக்கு மாறினார்கள். ஆட்டத்தில் செக்ஸ்டன் லைட் ஹவிட்சர், டெம்ப்ளேட் 2 அங்குலம்தான், நான் மாற மாட்டேன்.

பித்தளைக் கம்பிக்கு ஹாபி கடையில் கேட்ட விலைக்குப் பாத்திரக் கடைப் பக்கம் ஒரு முழுச் சுருளே வாங்கலாம். டைமண்ட் ரம்பம், சால்டர் ஈயம் எல்லாம் நகைப் பட்டறைச் சாமான் விற்கும் கடைகளில் இருக்கிறது, அங்கேயே 0.5 மிமீ துளைப்பானும் கிடைத்தது, பின்வைஸ் (துளைப்பானைப் பிடிக்கும் கைப்பிடி) மட்டும் ஆன்லைனில். டிகால் (வண்டியில் ஒட்டும் அடையாளத் தாள்) இன்னும் சுங்கத்தில் கிடக்கிறது.

மிச்ச இரண்டு வளையத்தில் ஒன்று அடுத்த பிரீஸ்டுக்கு. அதில் பீரங்கியே வைக்கப் போவதில்லை, 1944 ஆகஸ்டில் டோட்டலைஸ் நடவடிக்கைக்குக் கனடியர்கள் பீரங்கியைக் கழற்றிவிட்டு ஆள் ஏற்றிப் போன கங்காரு, முன்வாயில் தகடு அடித்து மூடினால் போதும். அதற்கு முன்னால் ஹம்மல் என்ற ஜெர்மன் பீரங்கி வண்டி வேறு ஆசை காட்டுகிறது, 4 அங்குல டெம்ப்ளேட், ஆனால் நிஜத்தில் 18 குண்டுதான் சுமக்கும், கவசமும் தகரம். இந்த பிரீஸ்டுக்கு ட்ராக்கில் சேறு பாக்கி, குழுவினர் ஐந்து பேருக்கு முகம் பாக்கி. ஹம்மலுக்கு ஆர்டர் போட்டாயிற்று.