320 கட்டளைக்குள் ஒரு சயின்டிஃபிக் கால்குலேட்டர்: சின்க்ளேரைத் துருவிப் பார்த்தது

சின்க்ளேர் சயின்டிஃபிக்கில் சமக்குறிச் சாவி கிடையாது. தசமப்புள்ளிக்குச் சாவி கிடையாது. வர்க்கமூலம் கிடையாது, நினைவகம் கிடையாது, அடைப்புக்குறி கிடையாது. ஆனால் சைன், கொசைன், டேன், மடக்கை, இவற்றின் எதிர்ச் சார்புகள் எல்லாம் உண்டு. 1974இல் இங்கிலாந்தில் 49.95 பவுனுக்கு வந்த இந்தச் சின்ன வெள்ளைப் பெட்டியில் எது இருக்கிறது என்பதைவிட எது இல்லை என்பதுதான் எனக்கு முதலில் ஆர்வமூட்டியது. ஒவ்வொன்றும் ஏன் இல்லை என்று தேடிக்கொண்டு போனால் எல்லாம் ஒரே இடத்தில் போய் முடிகின்றன: உள்ளே இருக்கும் சிப்பில் மொத்தம் 320 கட்டளைகளுக்குத்தான் இடம்.

ஒப்பிட்டுப் பார்க்க: 1972இல் வந்த எச்பி-35 சயின்டிஃபிக் கால்குலேட்டரில் 768 கட்டளைகள், பல சிப்புகள், பத்து இலக்கத் துல்லியம், விலை 395 டாலர். சின்க்ளேரில் இருப்பது டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிஎம்எஸ் 0805. கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் போடும் சாதாரணக் கால்குலேட்டருக்காக உருவான சிப் வகை அது. பெருக்கத் தெரிந்த சுற்று என்று எதுவும் அதில் தனியாக இல்லை. கூட்டும், கழிக்கும், இலக்கங்களை ஓரிடம் நகர்த்தும், அவ்வளவுதான். அதற்குள் முக்கோணவியலைத் திணிக்க வழி கண்டுபிடித்தவர் நைஜல் சியர்ல். முதலாளி கிளைவ் சின்க்ளேருக்குக் கிடைத்த பெயரில் பாதியாவது இந்த மனிதருக்குப் போயிருக்க வேண்டும் என்பது என் கட்சி.

முதலில் எண்ணை உள்ளே கொடுக்கப் பழக வேண்டும். இந்த இயந்திரத்துக்குத் தெரிந்தது அறிவியல் குறியீடு மட்டும், அதாவது ஓர் எண், அதைப் பெருக்க 10இன் ஓர் அடுக்கு. முதல் இலக்கத்துக்கு அடுத்து புள்ளி தானாக உட்கார்ந்துவிடும். 12.3 வேண்டுமென்றால் 1, 2, 3, அப்புறம் அடுக்குக்கான சாவி, அப்புறம் 1. திரையில் 1.2300 01 என்று சிவப்பாக மின்னும். 12.3ஐ 4.5ஆல் பெருக்க, அந்த எண்ணுக்குப் பிறகு + அழுத்தி, 4, 5 கொடுத்து × அழுத்த வேண்டும். 5.5350 01 வரும், அதாவது 55.35.

அந்த + எதற்கு? இது ரிவர்ஸ் போலிஷ் முறை, எண்கள் முன்னால், செயல் பின்னால். எச்பியில் முதல் எண்ணை உள்ளே தள்ளத் தனியாக எண்டர் சாவி உண்டு. இங்கே அந்தச் சாவியையும் மிச்சம்பிடித்துவிட்டார்கள். அழித்தவுடன் உள்ளே சுழி இருக்கிறது, அதோடு 12.3ஐக் கூட்டினால் 12.3. எண்டர் செய்யும் வேலையை + சும்மா செய்துவிடுகிறது. குறை எண்ணோடு தொடங்க வேண்டுமா, + இடத்தில் − அழுத்தினால் போதும். இந்த ஒரு தந்திரத்துக்காகவே எனக்கு இந்தப் பெட்டியைப் பிடித்துப்போய்விட்டது.

ஆனால் எச்பிபோல நான்கு எண்களை அடுக்கி வைக்கும் வசதி இல்லை. (2+3)×(4+5) போட வேண்டுமென்றால் ஒரு விடையைத் தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். பென்சில் இல்லாமல் இதோடு உட்கார முடியாது.

உறையின்மேல் ஐந்து மாறிலிகள் அச்சிட்டிருக்கின்றன: 10இன் இயல் மடக்கை 2.30259, இயல் மடக்கையின் அடிமானம் 2.71828, பை 3.14159, ஒரு ரேடியன் 57.2958 பாகை, ஒரு பாகை 0.01745 ரேடியன். சிப்பில் வைக்க இடமில்லாததைப் பிளாஸ்டிக்கில் அச்சடித்துவிட்டார்கள்! முதலில் சிரிப்புதான் வந்தது. பழகிய பிறகு இதைவிட மலிவான ரோம் (மாறாத தகவலை வைக்கும் நினைவகம்) உலகத்தில் கிடையாது என்று தோன்றியது. 30 பாகைக்குச் சைன் வேண்டுமென்றால் 3, அடுக்கு 1, +, பிறகு 57.296ஐக் கொடுத்து ÷. இப்போது 0.5236 ரேடியன் கையில் இருக்கிறது. மேல்நோக்கும் கீழ்நோக்கும் அம்புச் சாவிகள் இரண்டு உண்டு. நான்கு செயல் சாவிகளும் அவற்றின் துணையால் எட்டுச் சார்புகளாகின்றன. அம்பையும் சார்பையும் அழுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும். சின்னக் கோணத்துக்குச் சீக்கிரம், பெரிய கோணத்துக்குத் தாமதம். நீளமான கணக்கென்றால் பதினைந்து விநாடிவரைகூட ஆகலாம்.

இந்தத் தாமதம்தான் என்னை உள்ளே இழுத்தது. பழைய சிப்புகளைத் துருவி ஆராயும் கென் ஷிரிஃப் 2013இல் இந்தச் சிப்பின் படங்களிலிருந்து கட்டளைகளைப் படித்தெடுத்து, ஒவ்வொரு படியும் தெரிகிற மாதிரி ஒரு சிமுலேட்டரே செய்து வைத்திருக்கிறார். அதோடு சேர்த்துப் பார்த்தால் விஷயம் புரிகிறது. சைன் கண்டுபிடிக்க இது அட்டவணை எதையும் பார்ப்பதில்லை. கொசைன் 1, சைன் 0 என்று தொடங்கி, வட்டத்தின்மேல் இருக்கும் அந்தப் புள்ளியை 0.001 ரேடியன் வீதம் திருப்பிக்கொண்டே போகிறது. ஒரு ரேடியனுக்கு ஆயிரம் திருப்பல். ஒவ்வொரு திருப்பலிலும் சைனோடு கொசைனில் ஆயிரத்தில் ஒரு பங்கைக் கூட்ட வேண்டும், கொசைனிலிருந்து சைனில் ஆயிரத்தில் ஒரு பங்கைக் கழிக்க வேண்டும். ஆயிரத்தால் வகுப்பது என்றால் மூன்று இடம் நகர்த்துவது. ஆக கூட்டல், கழித்தல், நகர்த்தல். இந்தச் சிப்புக்குத் தெரிந்த மூன்று வேலையும் இவைதான்!

இதை ஸ்ப்ரெட்ஷீட்டில் போட்டுப் பார்த்தேன். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. பழைய சைனையும் பழைய கொசைனையும் வைத்து இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால், ஒவ்வொரு திருப்பலிலும் வட்டம் துளித்துளியாக வீங்குகிறது. ஆயிரம் படி முடிந்தபோது சைன் 0.84189, சரியான விடை 0.84147. மாறாக, சைனை முதலில் மாற்றி, அந்தப் புதிய சைனையே கொசைனைக் குறைக்கப் பயன்படுத்தினால் சைன் 0.84147 என்று கச்சிதமாக வருகிறது. ஆனால் கொசைன் 0.53988 ஆகிவிடுகிறது, இருக்க வேண்டியது 0.54030. காரணம், கொசைன் எப்போதும் அரைப் படி முன்னால் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்றில் இடிக்கிறது.

இதைவிடப் பெரிய தொல்லை இலக்கங்களை வெட்டுவது. ஒவ்வொரு படியிலும் ஐந்து தசம இடத்தோடு நிறுத்து என்று ஸ்ப்ரெட்ஷீட்டுக்குக் கட்டுப்பாடு போட்டேன். கூட்டப்படும் துண்டே 0.00100க்குள்தான், அதன் வாலை வெட்டிக்கொண்டே வந்தால் ஆயிரம் படியில் மூன்றாம் தசம இலக்கமே பிசகுகிறது. கூடுதலாக ஓர் இலக்கத்தை மறைவாக வைத்துக்கொண்டால் உடனே நிலைமை தேறுகிறது. திரையில் ஐந்து இலக்கம் காட்டினாலும் முக்கோணவியல் விடைகளில் முதல் மூன்றைத்தான் நம்பலாம் என்பதன் காரணம் இப்போது கண்ணால் பார்த்த மாதிரி இருக்கிறது. சிப்பில் பதிவகங்கள், அதாவது கணக்கின்போது எண்களைப் பிடித்து வைக்கும் இடங்கள், மூன்றே மூன்று. கோணத்துக்கு ஒன்று, சைனுக்கு ஒன்று, கொசைனுக்கு ஒன்று என்று போனால் முடிந்தது. நினைவகச் சாவிக்கு எங்கே போவது?

மடக்கையிலும் இதே பாணிதான். எண்ணை 0.99ஆல் திரும்பத் திரும்பப் பெருக்கி எத்தனை தடவை என்று எண்ணுகிறது. 0.99ஆல் பெருக்குவது என்றால் இரண்டு இடம் நகர்த்திக் கழிப்பது, அவ்வளவே. 2ஐ எடுத்துக்கொண்டால் 68 தடவைக்குப் பிறகு 1.00977 மிஞ்சுகிறது. 0.99இன் மடக்கை −0.0043648. குறைக் குறியை விட்டுவிட்டு அதை 68ஆல் பெருக்கி, மிச்சமிருக்கும் 0.00977ஐ நேர்க்கோட்டு மதிப்பீட்டில் சேர்த்தால் ஸ்ப்ரெட்ஷீட்டில் 0.30105 வந்தது. பள்ளியில் கிளார்க்ஸ் டேபிளைப் புரட்டியவர்களுக்கு 0.3010 மறந்திருக்காது, நான்கு இலக்கம்வரை பொருந்துகிறது. 9.9க்கு 228 தடவை பெருக்க வேண்டியிருக்கிறது, 1.1க்கோ ஒன்பதே தடவை. கொடுக்கும் எண்ணுக்கேற்ப விடை வரும் நேரம் மாறுவது இதனால்தான்.

வர்க்கமூலச் சாவி இல்லாத குறையையும் மடக்கையே தீர்த்துவைக்கிறது. மடக்கை எடு, இரண்டால் வகு, எதிர்மடக்கை எடு. இயல் மடக்கை வேண்டுமென்றால் வந்த விடையை உறையில் இருக்கும் 2.30259ஆல் பெருக்கிக்கொள்ளலாம். டேபிள் புத்தகம் வைத்துக் கணக்குப் போட்ட தலைமுறைக்கு இதில் புதிதாகப் படிக்க ஒன்றுமே இருந்திருக்காது.

விதியை மீறிய எண்ணைக் கொடுத்தால் தப்பு என்று சொல்லும் பழக்கம் இதற்கு இல்லை. சைனின் எதிர்ச் சார்புக்கு 2ஐக் கொடுப்பது உங்கள் பொறுப்பு. சோதித்துப் பார்க்கக் கட்டளை செலவாகும், அந்தச் செலவுக்கு இடமில்லை. பொறியாளர் பையில் இருந்த ஸ்லைடு ரூலும் (நகர்த்திக் கணக்குப் போடும் அளவுகோல்) மூன்று இலக்கம்தான் தந்தது, அதுவும் எச்சரிக்கவில்லை. அந்த ஸ்லைடு ரூலோடு ஒப்பிட்டால் இது தாராளமாக ஜெயிக்கிறது. எச்பி-35 பக்கத்தில் வைத்தால் பரிதாபம்தான், ஆனால் 1976இல் இதன் விலை 7 பவுனுக்கு இறங்கியிருந்தது.

இனி பார்க்க வேண்டியது டேனின் எதிர்ச் சார்பு. அதில் திருப்பல் பின்னோக்கிப் போகிறது: சைன் சுழியைத் தொடும்வரை திருப்பி, எத்தனை படி என்று எண்ண வேண்டும். கடைசிப் படியில் சுழியைத் தாண்டிவிடும் மிச்சத்தை என்ன செய்வது என்பதில்தான் ஸ்ப்ரெட்ஷீட் இப்போது நிற்கிறது. மடக்கையில் செய்த நேர்க்கோட்டு மதிப்பீட்டையே இங்கேயும் ஒட்டிப் பார்க்கலாம் என்றிருக்கிறேன்.