மணி கேட்டது

போன மாதக் கிருத்திகையன்று பழனியில் முடி இறக்கிவிட்டு வந்தேன். அப்பாவின் காதுக்காக வேண்டிக்கொண்டது.

எங்களுக்கு உடுமலை. சின்ன வயதில் அப்பா எங்கே கூட்டிப்போவதாகக் கிளம்பினாலும் பஸ் பழனியில்தான் போய் நிற்கும். ஒரு கையில் அண்ணன், ஒரு கையில் நான், தோளில் டிரான்சிஸ்டர். பழுப்புத் தோல் உறை, ஸ்பீக்கர் பக்கம் பொடிப்பொடியாய் ஓட்டை, வார் அறுந்த இடத்தில் அம்மா போட்ட தையல். ரேடியோவுக்கு லைசென்ஸ் இருந்த காலம் அது. வீட்டு வரி தள்ளிப்போனாலும் தபாலாபீசில் ரேடியோவுக்குப் பணம் கட்டுவது தள்ளிப்போனதில்லை.

முதல் பஸ்ஸைப் பிடித்தால் ஏழு மணிக்கெல்லாம் படியில் இருப்போம். 7.15க்கு டெல்லிச் செய்தி. "ஆகாசவாணி, செய்திகள் வாசிப்பது சரோஜ் நாராயணசுவாமி" என்று குரல் வந்ததும் அப்பா நின்ற படியிலேயே நின்றுவிடுவார். பின்னால் வருகிறவர்களில் ரெண்டு பேராவது சேர்ந்து நின்று கேட்பார்கள். செய்தி முடிந்தால் சிலோன். இடும்பன் சன்னதிப் பக்கம் உட்கார்ந்து பெட்டியை இப்படியும் அப்படியும் திருப்புவார். கரகரவென்று இருந்து, திடீரென்று பாட்டு தெளியும். அப்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்! ஆனால் மேலே போனதும் குமிழைத் திருகி அணைத்து, துண்டில் சுற்றிக் கக்கத்தில் வைத்துக்கொள்வார். "இனி முருகன் பேசட்டும் கண்ணு, நாம கேப்போம்" என்பார்.

அந்த மனுஷனுக்குத்தான் நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு காய்ச்சலுக்குப் பிறகு காது மங்கியது. ரேடியோவை அவரே பரண் மேல் ஏற்றி வைத்துவிட்டார். வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. காது மிஷின் வைத்தாலும் வார்த்தை பிரிந்து கேட்குமா என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். அன்று ராத்திரியே மஞ்சள் துணியில் காசு முடிந்தேன்.

82 வயது அப்பாவால் படி ஏற முடியாது. அண்ணன் விஞ்ச்சில் கூட்டிப்போனான். என் வேண்டுதல் படி வழி. 693 படியும் ஏறினேன். அதற்கு முன்பே கிரிவீதியில் ஒருவர், "பத்து நிமிஷத்துல சாமி பார்க்க வைக்கிறேன், தலைக்கு ஐநூறு" என்று விடாமல் கூடவே வந்தார். வயசான மனுஷன் முகத்தைப் பார்த்துப் பேரம் பேசுகிறார்களே என்று வயிறு எரிந்தது. வரிசையில் மூன்று மணி நேரம். கைக்குழந்தைக்காரிகள் பாடு சொல்லி முடியாது. அப்பாவுக்கு நெரிசலில் மூச்சு முட்டியது. யாரோ ஒரு பிள்ளை தண்ணீர் பாட்டிலை நீட்டியது. அது முருகன் அனுப்பிய பிள்ளைதான்.

சாயரட்சை நேரம். ராஜ அலங்காரம். மொட்டைத் தலையில் சந்தனம் காய்ந்து இழுக்க, அப்பாவை முன்னால் நிறுத்திப் பின்னால் பிடித்துக்கொண்டேன். திரை விலகியது. அரோகரா சத்தத்தில் மண்டபமே அதிர்ந்தது. எனக்கோ பயம், அத்தனை இரைச்சலும் மிஷினில் ஏறி அவரை வதைக்குமோ என்று. தீபம் ஏறியபோது அப்பா கும்பிடவில்லை. வலது கை மெதுவாகக் காதுப் பக்கம் போனது, விரல் மிஷினைத் தொட்டபடி அப்படியே நின்றது. சின்ன வயதில் ஸ்டேஷன் பிடித்ததும் குமிழிலிருந்து விரலை எடுக்காமல் இருப்பாரே, அதே மாதிரி. "மணி கேக்குது கண்ணு. தனியாக் கேக்குது" என்றார். நான் முருகனைப் பார்த்தேனா, அவன் முகம் எப்படி இருந்தது, ஒன்றும் நினைவில்லை. முருகா, முருகா என்று மட்டும் வாய் சொல்லிக்கொண்டிருந்தது. நகருங்க, நகருங்க என்று தள்ளினார்கள். தள்ளட்டும். என் அப்பனே, கொடுத்துவிட்டாய். இனி உன்னிடம் கேட்க என்ன இருக்கிறது?

பஞ்சாமிர்தம் வாங்கினோம், இறங்கினோம், சாப்பிட்டோம்.

ராத்திரி அடிவாரத்தில் லாட்ஜ். அண்ணன் புதிதாக வாங்கி வந்த சின்ன ரேடியோவில் 100.5 வைத்தேன், கொடைக்கானல் பண்பலை. நாலு வருஷப் பழக்கம், கை தானாகவே சத்தத்தை முழுசாகத் திருப்பியது.

அப்பா கட்டிலிலிருந்து தலையைத் தூக்கினார். "ஏங்கண்ணு இத்தனை சத்தம்? பக்கத்து ரூம்ல தூங்க வேண்டாமா? கொஞ்சம் கொறை."