படலைச் சாத்திட்டுப் போறது

மே மாசம் லீவுன்னு பேருதான், கடைசி ஒரு வாரம் அடுத்த வருசத்துக்கு ப்ளான் எழுதறதுலயே போயிரும். காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவுல ஒரு சின்ன எய்டட் ஸ்கூலுங்க, மிஷன் நடத்தறது, எச்எம் சிஸ்டரும் நானும் ரெண்டே பேரு. 60 புள்ளைங்க வரைக்கும் 2 டீச்சர் போதும்ங்கறது 2009 கல்வி உரிமைச் சட்டத்துக் கணக்கு, கணக்கென்னமோ சரிதான், அஞ்சு வகுப்பை ரெண்டு பேரா எடுத்துப் பாத்தாத்தான் தெரியும்.

எனக்கு 3, 4, 5. மொத்தம் 27 பேரு. கிறிஸ்தவக் குடும்பம் நாலே நாலு, மத்ததெல்லாம் சுத்துப்பட்டு தோட்டத்துப் புள்ளைங்க, அப்புறம் அரிசி மில்லுக்கும் கொப்பரைக் களத்துக்கும் வேலைக்கு வந்த ஒடிசா, பீகார்க்காரங்க புள்ளைங்க. காதுல மெஷின் போட்ட பொண்ணு ஒண்ணு.

ப்ளான் ஷீட்ல கடைசிக் கட்டம் 'சிறப்புக் கவனம்'. எட்டு வருசமா அதை கடைசியாத்தான் எழுதுவேன், சாயந்திரம் நாலு மணிக்கு மேல, டீயக் குடிச்சுட்டே, எல்லாப் பாடத்துக்கும் ஒரே வரி, "தனிக்கவனம் செலுத்தப்படும்". யாரு செலுத்தறது, எப்ப செலுத்தறது, அந்த நேரத்துல மத்த 26 பேரு என்ன பண்ணுவாங்க, ஒண்ணும் கிடையாது. கேக்கவும் ஆளில்ல.

போன வருசம் பங்குனியில டெஸ்ட் வச்சோம், 8 பேரு வந்தாங்க. மாரியம்மன் நோம்பி! சாம்பல் புதன்ல இருந்து ஈஸ்டர் வரைக்கும் தேதி தேதியா குறிச்சு வச்ச காலண்டர்ல, ஊரே கம்பம் நட்டு ஆடற வாரத்தை நாங்க ரெண்டு பேரும் பாக்கவே இல்ல. அரசு உதவி வாங்கற பள்ளியில பெத்தவங்க சம்மதமில்லாம மதபோதனை வகுப்புல உக்கார வைக்கக்கூடாதுன்னு அரசமைப்புச் சட்டம் 28(3) சொல்லுது, அதை கரெக்டா ஃபாலோ பண்றோம், பாரம் எல்லாம் வாங்கி வச்சிருக்கோம். ஆனா நோம்பியை மறந்துட்டோம். சட்டத்துக்குப் பயந்த அளவுக்கு புள்ளைங்க வீட்டைப் பத்தி யோசிக்கலைன்னு வைங்களேன்.

அந்தக் காது மெஷின் பொண்ணு விசயத்துல பண்ணுனது இன்னும் மோசம். எப்பப் பாத்தாலும் பக்கத்துப் புள்ள நோட்டை எட்டிப் பாத்துட்டே இருக்கும், காப்பியடிக்குதுன்னு ரெண்டு தடவை வஞ்சிருக்கறேன். வட்டார வள மையத்துல இருந்து வர்ற சிறப்பாசிரியர் ஒருநாள் கடைசி பெஞ்சுல உக்காந்து கணக்கு வகுப்பைப் பாத்தாங்க. முடிஞ்சதும் ஒரு துண்டுச் சீட்டைக் குடுத்தாங்க, அதுல 19-ன்னு போட்டிருந்துச்சு. என்னங்க்கான்னேன். "நீங்க போர்டப் பாத்துட்டே பேசுனது 19 தடவை கண்ணு. அது உன்ற வாயைப் பாத்துத்தான் பாதி புரிஞ்சுக்குது, நீ திரும்புனா அதுக்கு பாடம் நின்னு போச்சு, பக்கத்து நோட்டைப் பாக்காம என்ன பண்ணும்?" அந்த ராத்திரி எனக்கு சோறே எறங்கல.

இப்ப எழுதறப்ப எழுதறேன், பேசறப்ப புள்ளைங்க பக்கம் திரும்பி நின்னு பேசறேன். சொல்றதுக்கு ஈசி, பழக மூணு மாசம் ஆச்சு.

நன்னெறி வகுப்புல காணாமப்போன ஆடு கதை சொன்னேன். நூறு ஆட்டுல ஒண்ணு தொலைஞ்சா தொண்ணூத்தொம்பதை விட்டுட்டு அதைத் தேடிப் போற மேய்ப்பன். எல்லாரும் கம்முனு கேட்டாங்க, அஞ்சாவது பையன் ஒருத்தன் மட்டும் எந்திரிச்சு, "அவுரு படலைச் சாத்திட்டுப் போனாருங்களா மிஸ்?"ன்னான். அவங்கூட்டுல கொறங்காடு இருக்குது. சுத்தியும் கிளுவை வேலி, உள்ள கொழுக்கட்டைப் புல்லு, நெழலுக்கு நாலு வெள்வேல மரம், ஆட்டை உள்ள உட்டு வழியில இருக்கற தட்டிக்கதவை, அதான் படலைச் சாத்திட்டா ஆள் நிக்க வேண்டியதில்ல, அதுபாட்டுக்கு மேயும். "சாத்தாம போனா திரும்பி வர்றப்ப எல்லாத்தையும் தேடோணுமுங்." நான் ஒரு நிமிசம் பேசவே இல்ல.

ஜனவரியில இருந்து ப்ளானை அப்படித்தான் எழுதிப் பாத்தேன். மொதல்ல காது மெஷின் பொண்ணு, ஒடிசாப் பையன், ரெண்டு பேருக்கும் பாடம் எப்படிப் போகும்னு எழுதறது. அப்புறம் அவங்களோட நான் பத்து நிமிசம் உக்கார்றப்ப மத்தவங்க நானில்லாம எதைச் செய்வாங்கன்னு எழுதறது, அதுக்குப் பேரு படல். அளவை பாடத்துக்கு புளியங்கொட்டை, தராசு, நூல்கண்டு. எண்ணறதுக்கு ஒடிசாப் பையனே வாத்தியாரு, ஏக, துயி, தினி, நாலுக்கு 'சாரி'ன்னதும் எதுக்குடா சாரி கேக்கறேன்னு சிரிச்சு உருண்டாங்க, ஆனா பத்து வரைக்கும் எல்லாத்துக்கும் வந்துருச்சு, அவன் அன்னிக்குத்தான் மொதத்தடவ வகுப்புல சத்தமா பேசுனான். எல்லா நாளும் இப்படியில்ல, தராசுக்கு அடிச்சுக்கிட்டு ஒருத்தனுக்கு உதடு கிழிஞ்சுது.

போன வாரம் சிஸ்டர் ப்ளானைப் புரட்டிட்டு, "இது என்ன டீச்சர், எல்லா பாடத்துலயும் படல் படல்னு? எந்த ட்ரெய்னிங்ல சொன்னாங்க?"ன்னாங்க. அவங்களுக்குக் கன்னியாகுமரிப் பக்கம். நேரம் பாருங்க, அந்தக் கொறங்காட்டுப் பையன் டிசி வாங்க அப்பிச்சியோட, அவங்கம்மாவோட அப்பாவோட வந்து வராண்டாவுல நின்னுட்டிருந்தான். அவருகிட்டயே கேளுங்க சிஸ்டர்னுட்டேன்.

அப்பிச்சி கையாலயே அளவு காட்டுனாரு. "இத்தத் தண்டிங்க, முள்ளுங் குச்சியும் வச்சுக் கட்டறது. ஆனா ஒண்ணுங் அம்மிணி, ஒருக்கா கட்டிப்போட்டா ஆச்சுன்னு இருக்கப்படாது. கறையான் தின்னுபோடும், வருசா வருசம் புதுசாத்தானுங் கட்டோணும்."