ஹிட்சில் இருந்த எண் மட்டும் போதவில்லை

வீடு மாறுவதற்காக ஒரு டிரெய்லர் வாங்கினேன். அதை இழுக்கக் காரின் பின்னால் மாட்டிய இணைப்புச் சட்டமான ஹிட்சில் 3500 பவுண்டு என்று பொறித்திருந்தது. கிட்டத்தட்ட 1588 கிலோ. சாமான்களோடு டிரெய்லர் 1000 கிலோதான், தாராளம் என்று கிளம்பிவிட்டேன். கொஞ்சம் வேகமெடுத்ததும் டிரெய்லர் வாலாட்டத் தொடங்கியது. ஸ்டியரிங் கைக்குள் நிற்கவில்லை. ஓரங்கட்டி நிறுத்தி, ஊர்ந்தபடியே திரும்பி வந்தேன்.

அன்று இரவே எல்லா எண்களையும் தாளில் எழுதினேன். கார் இழுக்கக்கூடியது, கையேட்டின்படி 1500 கிலோ. டிரெய்லருக்குத் தனி பிரேக் இல்லையென்றால் 750தான். எங்களுடையதில் பிரேக் உண்டு, சரி. அப்புறம் ஹிட்சில் டிரெய்லரை மாட்டும் உருண்டையான இணைப்புக் குண்டின் உச்சியில் இருந்த கிரீஸைத் துடைத்துப் பார்த்தேன். 2000 பவுண்டு, அதாவது 907 கிலோ! ஹிட்ச் எவ்வளவு தாங்கினால் என்ன, குண்டு தாங்க வேண்டாமா? விட்டமும் 1⅞ அங்குலம். அந்தக் குண்டைக் கவ்வும் டிரெய்லர் கப்ளரோ 2 அங்குலம். ஒரு பள்ளத்தில் துள்ளிக் கழன்றிருந்தால்? நினைக்கவே வயிறு கலங்கியது. முதலில் குண்டை மாற்றினேன்.

வாலாட்டத்துக்குக் காரணம் வேறு. டிரெய்லரின் மூக்கு ஹிட்சை அழுத்தும் எடை, மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும். எனக்கு 100 முதல் 150 கிலோ. உடல் எடை பார்க்கும் மிஷின்மேல் மரக்கட்டை வைத்து, கப்ளரை மாட்டும் உயரத்திலேயே அதன்மேல் இறக்கினேன். வெறும் 60! கடைசியாக ஏற்றிய வாஷிங் மெஷின் பின்கதவை ஒட்டி இருந்தது. அதைச் சக்கர அச்சுக்கு முன்னால் நகர்த்திக் கட்டியதும் 107 ஆனது.

நான் கொஞ்சமும் எதிர்பாராதது இனிமேல்தான். அந்த 107 கிலோவைச் சுமப்பது கார். ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் உள்ள ஸ்டிக்கர், ஆட்களும் சாமான்களும் சேர்த்து 410 கிலோவைத் தாண்டக் கூடாது என்கிறது. நாங்கள் ஐந்து பேர் 325, பெட்டிகள் 50, ஹிட்ச் 20. மூக்கு எடையையும் கூட்டினால் 502. இழுக்கும் திறன் இருந்தும் சுமக்க இடமில்லை. டிரெய்லர் வாங்குவதற்கு முன்பே பார்த்திருக்க வேண்டிய ஸ்டிக்கர் அது.

இரண்டு பேரைப் பெட்டிகளோடு வேறு வண்டியில் அனுப்பினேன். காரின் சுமை 312 கிலோவாகக் குறைந்தது. மறுநாள் அதே சாலையில், அதே வேகத்தில், டிரெய்லர் ஆடாமல் பின்னாலேயே வந்தது.