பீலித் தண்ணி

"சத்தத்தக் கூட்டு தம்பி" என்று அம்மாயி கையைத் தூக்கினார்.

மூன்று நாளாக விடாத மழை. தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுத் தகரத்தில் அது கொட்டும் சத்தத்தில் டீவி கேட்கவே இல்லை. அரச தொலைக்காட்சியான ரூபவாஹினியின் தமிழ் அலைவரிசை நேத்ராவில் செய்தி. மண்சரிவு எச்சரிக்கை வாசித்தார்கள். அம்பகமுவ, கொத்மலை, வலப்பனை...

நிலத்தில் வெடிப்பு, மரம் சாய்வது, ஊற்றுத் தண்ணீர் திடீரென்று கலங்குவது. கண்டால் உடனே வெளியேறச் சொன்னார்கள்.

அம்மாயி ஒன்றும் பேசவில்லை. கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு டோர்ச்சோடு, மலை ஊற்றுத் தண்ணி விழும் பீலிக்குப் போனார். ஒரு கை தண்ணியை அள்ளி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

தெளிவாகத்தான் இருந்தது.

மத்தியானம் என் போனுக்கும் ஓர் எச்சரிக்கை வந்தது. சிங்களத்தில் மட்டும். அம்மாயிக்கு எந்த மொழியும் வாசிக்கத் தெரியாது. காதில் விழும் தமிழ்தான் அவருக்கு எல்லாம்.

2014 ஒக்டோபர் 29 காலை பதுளை மாவட்டத்து மீரியபெத்தை தோட்டத்தில் லயங்கள் மண்ணுக்குள் போயின. அதிலிருந்து மழைக்காலச் செய்தியை நாங்கள் பேச்சை நிறுத்திவிட்டுத்தான் கேட்கிறோம்.

ரூபவாஹினியின் கோபுரம் 2,524 மீற்றர் உயரத்தில், பிதுருதலாகலை உச்சியில், எங்கள் மலையில்தான் நிற்கிறது. அரச தொலைக்காட்சி என்றால் இதைத்தான் எதிர்பார்க்கிறேன்: எங்கள் ஊர்ப் பெயர்களை எங்கள் மொழியில் சொல்வது. மஞ்சள் எச்சரிக்கை என்றால் என்ன, சிவப்பு என்றால் எப்போது கிளம்புவது என்று, மழை விடும்வரை, திரும்பத் திரும்ப.

அடையாள அட்டைகளைச் சொப்பிங் பேக்கில் சுற்றி வாசலில் வைத்திருக்கிறோம். டீவி ஓடிக்கொண்டிருக்கிறது.