ஊரு பேரை வாங்கிக்கிட்ட ஆறு

போன ஞாயித்துக்கிழமை சாயந்திரம் திருநெல்வேலில தாமிரபரணிக் கரை கொக்கிரகுளம் படித்துறைல உக்காந்திருக்கேன், அக்கா மவன் வீடியோ கால் போடுதான். பய கேம்பிரிட்ஜ்ல படிக்கான். "மாமா, இதான் கேம் ஆறு"ன்னு போனைத் திருப்பிக் காட்டுதான். ஏல, இது ஆறாலே, நம்ம பாளையங்கால்வா மாதிரில்லா இருக்குன்னேன். பச்சைத் தண்ணி, ஓடுதா நிக்குதான்னே தெரியல. தட்டையா ஒரு படகு, பின்னால ஒருத்தன் நின்னு நீளக் கம்பை ஊனித் தள்ளுதான், கம்பு சேத்துல மாட்டிக்கிட்டு, படகு பாட்டுக்குப் போவுது, இவன் கம்பை விடவும் மனசில்லாம பிடிக்கவும் முடியாம தொங்குதான், நான் சிரிச்ச சிரிப்புல கீழ்ப்படில துணி தொவச்ச அம்மா திரும்பிப் பாத்துட்டாவ.

அப்புறம் தான் பேரு கதைய எடுத்தான். ஆத்துக்கு பழைய பேரு கிராண்டாவாம். அதுமேல பாலம் இருந்ததால ஊருக்கு கிராண்டாபிரிட்ஜ்ங்கிற மாதிரி பேரு. 1066க்குப் பிறகு நார்மன்காரன் வந்து அவன் வாயில அது கேன்டபிரிட்ஜ் ஆகி, தேஞ்சு தேஞ்சு கேம்பிரிட்ஜ். ஊரு கேம்பிரிட்ஜ்னா பாலத்துக்குக் கீழ ஓடுறது கேம் தானன்னு பொறவு வந்தவிய பேரு வச்சிட்டாவ! எங்க தெருவுல ஒரு பெரியவரு, சொந்தப் பேரு ஒருத்தருக்கும் தெரியாது, செல்வி அப்பான்னா தான் வீட்டைக் காட்டுவாவ, அந்தக் கதை தான்.

ஆனா பழைய பேரு முழுசா சாவல, பக்கத்துல கிராண்ட்செஸ்டர்னு ஊரே இருக்கு, மேல்பக்கம் வர்ற தண்ணிய இன்னிக்கும் கிராண்டான்னு தான் சொல்லுதாவளாம். ஹார்ட்ஃபோர்ட்ஷயர்ல ஆஷ்வெல் ஊத்துல பொறந்து வர்றது ரீங்கிற ஆறு, எசெக்ஸ் பக்கமிருந்து இன்னொண்ணு, ரெண்டும் கேம்பிரிட்ஜுக்கு மேல சேருது. ஊரைத் தாண்டி வடக்க தட்டைக்காட்டுல போயி கிரேட் ஊஸ் ஆத்துல விழுந்ததும் கேம்ங்கிற பேரு அதோட சரி. கிங்ஸ் லின் பக்கம் கடலுக்குப் போறது ஊஸ் தான். சீவலப்பேரில நம்ம சித்தாறு தாமிரபரணில கலந்த பொறவு அதை யாரு சித்தாறுங்கா?

எதிர்ல சுலோச்சன முதலியார் பாலம், சொந்தக் காசைப் போட்டு அவரு கட்டி 1843ல திறந்தது. இங்கிலீஷ்காரன் கணக்குப்படி பாத்தா நம்ம ஆத்துக்கே சுலோச்சனான்னு பேரு வந்திருக்கணும்லேன்னேன்.

"நீங்க மட்டும் என்ன மாமா, சங்கப் பாட்டுல பொருநைன்னு இருந்ததைத் தாமிரபரணின்னு தானே கூப்பிடுதிய"ங்கான்.

வெளிநாடு போனதும் பயலுக்கு வாய் நீண்டு போச்சு.